செஸ் புதிரில் எதை டாக்டிக்ஸ் என்பது?

பென்ஷன், முழங்கால் வலி, பழைய புதுச்சேரி என்று எழுதிவந்தவன் இந்த முறை செஸ் பற்றி எழுதுகிறேன். ஆட்டம் தெரியாதவர்கள் நகர்வு விவரங்களைத் தாண்டிப் படிக்கலாம். கதை விட்டுப்போகாது.

என் பேத்தி ஆறாம் வகுப்பு. சனி, ஞாயிறுகளில் செஸ் பயிற்சிக்குப் போகிறாள். அங்கே வாராவாரம் ஒரு தாள் தருகிறார்கள். மேலே 'டாக்டிக்ஸ்' என்று தலைப்பு, கீழே ஆறு கட்டப் படங்கள். ஐந்தைப் போட்டுவிட்டு ஆறாவதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பலகையில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எச்8 மூலையில், வெள்ளைச் சிப்பாய் சி6-ல். கருப்பு ராஜா ஏ6-ல், கருப்புச் சிப்பாய் எச்5-ல். வெள்ளை ஆடி ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். விடை, ராஜாவை ஜி7-க்கு நகர்த்துவது.

"தாத்தா, இதுல டாக்டிக்ஸ் எங்க இருக்கு? செக்கும் இல்ல, வெட்டும் இல்ல. ராஜா சும்மா நடக்கறாரு" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால், டாக்டிக்ஸ் என்றால் எதையாவது தியாகம் செய்து, செக் சொல்லி, கடைசியில் லாபத்தோடு எழுந்திருப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது என் பள்ளிப் பருவம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது உங்களுக்குத் தெரியும். செஸ்ஸும் எனக்குப் பிரெஞ்சிலேயே வந்தது. எங்கள் வீட்டில் பாட்டி யானை, மந்திரி, குதிரை என்பார். பள்ளியில் அதே காய்கள் தூர், ஃபூ, கவாலியே. தூர் என்றால் கோபுரம். ஃபூ என்றால் பைத்தியக்காரன், அரசவைக் கோமாளி. பாட்டியின் மந்திரி பிரெஞ்சில் கோமாளியாகிவிட்டார்! ஒரே குதிரை இரண்டு காய்களை ஒன்றாகத் தாக்கினால் ஃபூர்ஷெத், முள்கரண்டி. ஒரு காயை அசையவிடாமல் நிறுத்தினால் க்ளுவாழ், ஆணி அடிப்பது. இந்தப் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். பெயர் தெரிந்தால் விஷயமும் தெரிந்துவிட்டது என்று அந்த வயதில் ஒரு நினைப்பு. அந்த வயதில் மட்டுமா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பேத்தியின் கேள்வி ஒரு வாரம் தூங்கவிடவில்லை. செஸ் புதிர்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். அது நான் நினைத்ததைவிடப் பழையது.

ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் பாக்தாதின் கலீபாக்கள் அவையில் அல்-அத்லி, அஸ்-சூலி போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் அமைத்த புதிர்களுக்கு மன்சூபா என்று பெயர். நிறுத்தி வைக்கப்பட்டது என்று பொருள். அன்றைய ஆட்டத்தில் ராணி கிடையாது. அந்த இடத்தில் நின்ற மந்திரி மூலைவாட்டில் ஒரே கட்டம்தான் நகர்வார். இன்றைய பிஷப் இருக்கும் இடத்தில் யானை நின்றது; அரபியில் ஃபீல். அது மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், அவ்வளவுதான். இப்படிப் பலமில்லாத காய்களோடு ஆட்டம் ஆமை வேகத்தில் போகும். அதனால் சுவையான கட்டம் வந்த பிறகு தொடங்கும் புதிர்களுக்கு மவுசு அதிகம்.

அவற்றில் புகழ்பெற்றது திலாராம் புதிர். சூதாடித் தோற்றுக்கொண்டே வந்த ஒருவன் கடைசியில் மனைவி திலாராமையே பணயம் வைத்துவிட்டான். ஆட்டம் கைவிட்டுப்போகும் நேரத்தில், இரண்டு யானைகளையும் பலி கொடுத்து என்னைக் காப்பாற்று என்று அவள் குறிப்புக் கொடுத்தாள் என்பது கதை. (பலி போனவை இன்றைய ரூக்குகள். இனிமேல் நம் வீட்டு வழக்கப்படி ரூக்கை யானை என்றும் பிஷப்பை மந்திரி என்றும் எழுதுகிறேன்.) மகாபாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை புதிதாகவா இருக்கும்? ஆனால் திரௌபதிக்கு ஆட்டம் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. திலாராம் எதிராளிக்குத் தப்பிக்க வழியில்லாத ஒரு வரிசையைக் கண்டாள்.

இந்தக் கலை ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கேயும் பந்தயத்துக்குப் பயன்பட்டது. ஒரு நிலையைப் பலகையில் வைத்து, முடியும், முடியாது என்று காசு கட்டினார்கள். புதிர் வைப்பவருக்கு, எளிதாகத் தெரியும் வழி தோற்க வேண்டும், ஒளிந்திருக்கும் வழி ஜெயிக்க வேண்டும். ராணியும் மந்திரியும் இன்றைய வேகத்தைப் பெற்ற காலத்தில், 1497-ல் ஸ்பெயினில் லூசேனா வெளியிட்ட புத்தகத்தில் 150 நிலைகள் இருந்தன. ராணியைப் பலி கொடுத்து, தன் காய்களே நாலாபுறமும் அடைத்துக்கொண்ட ராஜாவைக் குதிரையால் முடிக்கும் வழி அதிலேயே இருக்கிறது. அதற்கு இன்று 'ஃபிலிதோரின் சொத்து' என்று பெயர். லூசேனாவின் சொத்துக்கு வேறு ஒருவர் பேரில் பட்டா போயிருக்கிறது. வருவாய்த் துறையில் இருந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இனி என் மனதுக்கு நெருக்கமான பகுதி. 1737-ல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் ஒரு சிறு புத்தகம் வந்தது. எழுதியவர் ஃபிலிப் ஸ்தம்மா, சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர். பிறகு லண்டனில் அரசருக்குக் கீழைநாட்டு மொழிகளின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். நம்மைப் போல அரசாங்க ஊழியர்! புத்தகத்தில் நூறு நிலைகள். பலவற்றில் வெள்ளைக்கு அடுத்த நகர்வில் மேட் காத்திருக்கும். மூச்சு விட நேரமில்லாமல், செக் மேல் செக்காகச் சொல்லி முந்திக்கொள்ள வேண்டும். மேலே நான் ஏ6, எச்8 என்று எழுதினேனே, எழுத்தும் எண்ணுமாகக் கட்டத்தைக் குறிக்கும் அந்த முறையையும் அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். உலகம் முழுக்க அதை ஏற்க இருநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பி-கே4 என்று படித்தது சிலருக்கு நினைவிருக்கும்.

அவர் பெயரால் வழங்கும் ஒரு மேட்டைச் சொல்கிறேன். பலகையில் வெள்ளை ராஜா சி2-ல், குதிரை சி1-ல். கருப்பு ராஜா ஏ1 மூலையில், கருப்புச் சிப்பாய் ஏ3-ல். ஆட வேண்டியது கருப்பு. ராஜாவுக்கு நகர இடமில்லை. சிப்பாயை ஏ2-க்குத் தள்ளுவது ஒன்றே வழி. தள்ளியதும் குதிரை பி3-க்கு வந்து மேட். வெறும் குதிரையை வைத்துக்கொண்டு சாதாரணமாக மேட் செய்ய முடியாது. அந்தச் சிப்பாய் இல்லாவிட்டால் இந்த நிலை நகர முடியாத ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். கையில் ஒரு சிப்பாய் இருந்ததே கருப்புக்கு வினையாயிற்று. இதில் வெள்ளை எதையும் பலி கொடுக்கவில்லை, எதையும் வெட்டவில்லை. இருந்தும் இதை டாக்டிக்ஸ் இல்லை என்று யார் சொல்வார்கள்? நான் பேத்திக்குச் சொன்ன இலக்கணம் இங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

ஸ்தம்மாவின் கதைக்கு ஒரு சோகமான பக்கம் உண்டு. 1747-ல் பிரான்சிலிருந்து 21 வயதுப் பையன் ஒருவன் லண்டன் வந்தான். பெயர் ஃபிலிதோர். இசைக் குடும்பம், சிறுவனாக வெர்சாய் அரண்மனைத் தேவாலயத்தில் பாடியவன். பூசை தொடங்கக் காத்திருந்த நேரத்தில் வாத்தியக்காரர்கள் ஆடிய செஸ்ஸைப் பார்த்துக் கற்றவன். ஸ்லாட்டர்ஸ் என்ற காப்பிக் கடையில் ஸ்தம்மாவோடு பத்து ஆட்டம் ஆடினான். எல்லா ஆட்டத்திலும் வெள்ளைக் காய் ஸ்தம்மாவுக்கு. சமனானாலும் வெற்றி ஸ்தம்மாவுக்கே என்று சலுகை வேறு. இவ்வளவு விட்டுக்கொடுத்தும் ஃபிலிதோர் எட்டு ஆட்டங்களை வென்றான். ஒன்று தோல்வி, ஒன்று சமன்.

இரண்டு வருடம் கழித்து, 1749-ல், ஃபிலிதோர் லண்டனிலேயே பிரெஞ்சில் தன் புத்தகத்தை வெளியிட்டார். அதில் அவர் முன்னே வைத்தது சிப்பாய்களை. சிப்பாய்கள்தாம் ஆட்டத்தின் உயிர் என்ற கருத்து அங்கிருந்து வந்ததுதான். இத்தாலியில் மொதெனா நகரத்து வல்லுநர்கள் இதை ஏற்கவில்லை. காய்களின் வேகமான விளையாட்டை இவர் குறைத்து மதிப்பிடுகிறார் என்று மறுத்து எழுதினார்கள். புதிரா, திட்டமா என்ற சண்டை அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை.

ஸ்தம்மா தோற்றதால் அவருடைய நூறு நிலைகளும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஃபிலிதோரும் கணக்கில் சளைத்தவர் இல்லை. யானையும் மந்திரியும் சேர்ந்து தனி யானையை வெல்லும் கடினமான முடிவு ஒன்றை அதே புத்தகத்தில் அலசியிருக்கிறார். ஆனால் அந்தப் பத்து ஆட்டங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. புதிர்த் தாள் ஒரு ரகசியத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது: இங்கே ஏதோ இருக்கிறது, தேடு. ஆட்டத்தில் அப்படித் தோளைத் தட்டிச் சொல்ல ஆள் கிடையாது. இல்லாத இடத்திலும் இருப்பதாக நினைத்துவிட்டால் என்ன ஆகும்? அது எனக்கே நடந்தது.

ஃபிலிதோருக்கு ஆசான் லெகால் என்ற பிரபு. பாரிசின் கஃபே த லா ரெழான்ஸில் அவரை வெல்ல ஆளில்லாதிருந்த காலம் உண்டு. அவர் பெயரால் ஒரு பொறி இருக்கிறது. வெள்ளை ராஜாவின் சிப்பாய் இ4, கருப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கருப்புச் சிப்பாய் டி6. வெள்ளை மந்திரி சி4, கருப்பு மந்திரி ஜி4-க்கு வந்து குதிரையை ஆணி அடிக்கிறது. குதிரை நகர்ந்தால் பின்னால் ராணி போய்விடும். வெள்ளையின் அடுத்த குதிரை சி3, கருப்புச் சிப்பாய் ஜி6. இப்போது ஆணி அடித்த குதிரையே ஆணியைப் பிடுங்கிக்கொண்டு இ5-ல் சிப்பாயை வெட்டுகிறது. கருப்பு ஆசைப்பட்டு ராணியை வெட்டினால், வெள்ளை மந்திரி எஃப்7-ல் வெட்டிச் செக், ராஜா இ7-க்குப் போக, சி3 குதிரை டி5-க்கு வந்து மேட். ராணி போயும் ஆட்டம் முடிந்தது. பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் செஸ் ஆடுவோம். டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஃபைல் கட்டின்மேல் பலகை. என்னோடு ஆடியவர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். தமிழ் வழியில் படித்து வந்தவர். புத்தகம் பார்த்துச் செஸ் படித்தவரில்லை. அவரை நான் லெகால் பொறியில் ஒரு முறை பிடித்தேன். பிடித்ததோடு விடவில்லை, மத் த லெகால் என்று பிரெஞ்சில் பேர் சொல்லி, லெகால் யார், கஃபே எது என்று பிரிவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஒரு வாரம் கழித்து அதே மாதிரி நிலை வந்தது. ஒரே வித்தியாசம், அவருடைய குதிரை ஏற்கெனவே சி6-ல் நின்றது. அதை நான் கவனிக்கவில்லை. கவனித்தது ஜி4 மந்திரியை மட்டும். குதிரையால் இ5-ல் வெட்டிவிட்டு, ராணியை எடுங்கள் என்பதுபோல் நாற்காலியில் சாய்ந்தேன். அவர் ராணியைத் தொடவில்லை. சி6 குதிரையால் என் குதிரையை வெட்டினார். அந்தக் குதிரை இ5-லிருந்து ஜி4 மந்திரிக்கும் காவல், என் சி4 மந்திரிமேலும் கண். ஒரே ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைத் தாரை வார்த்திருந்தேன்.

"இப்படி ஆடக்கூடாது, நீங்க ராணியை எடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"ஏன் முசியே, எனக்கு வேற பதிலே கிடையாதா?" என்றார் அவர். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ஏதோ அவசரக் கடிதம் என்று சொல்லிப் பலகையை மடித்தேன். அதற்குப் பிறகு அவரோடு ஆடவில்லை. அவர் கேட்டபோதெல்லாம் வேலை இருந்தது. அடுத்த வருடம் அவருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பக் கூட்டம் நடந்தது, மாலை போட்டோம், நானும் நாலு வார்த்தை பேசினேன். செஸ் பற்றிப் பேசவில்லை. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

இப்போது இரண்டு நிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதல் நிலையில் கருப்பு ராணியை எடுக்காமல் டி6 சிப்பாயால் இ5 குதிரையை வெட்டினாலும், வெள்ளை ராணி ஜி4 மந்திரியை எடுத்துக்கொள்ளும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். எதிராளி எவ்வளவு நன்றாகப் பதில் சொன்னாலும் லாபம் நிற்கிறது. அதனால் அது டாக்டிக்ஸ். இரண்டாவது நிலையில் வெள்ளையின் நகர்வு அதே நகர்வுதான், தியாகம் அதே தியாகம்தான். சரியான பதில் ஒன்று வந்ததும் எல்லாம் விழுந்துவிடுகிறது. அது எதிராளி தவறுவார் என்ற நம்பிக்கை. நகர்வின் அழகைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. எதிராளியின் மிகச் சிறந்த பதிலைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். நம் அலுவலகத்தில் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதிவிட்டு அவர்கள் சொல்லப்போகும் பதிலையும் நாமே எழுதிவைத்துக்கொண்டால் எப்படி? அதைத்தான் நான் செய்தேன்.

உலக சாம்பியன் போத்வின்னிக், 'காம்பினேஷன்' என்பதற்கு எதிராளியைக் கட்டாயப்படுத்தும் வரிசையாக இருக்க வேண்டும், அதில் தியாகமும் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்தார். டாக்டிக்ஸ் அதைவிட விரிந்த சொல். தியாகம் இல்லாமலும் அது நடக்கும். கட்டாயம் இல்லாமல் நடக்காது. இப்போது கணினி நிஜ ஆட்டங்களிலிருந்து புதிர்களைப் பொறுக்கி எடுக்கும்போதும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு நகர்வுதான் காரியத்தை முடிக்கிறதா என்றுதான் சோதிக்கிறது. அழகாக இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

கிளாஸ்கோவில் 1895-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பத்திரிகையில் சிப்பாய்க்கும் யானைக்கும் இடையே ஒரு நிலை வெளியாகி, கருப்பு சமன் செய்யும் என்று விடையும் வந்துவிட்டது. சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்து ராணியானால், கருப்பு யானையைப் பலி கொடுத்து ஸ்டேல்மேட் ஆக்கிவிடும். இதைப் படித்த ஸாவெத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார், ராணி எதற்கு, யானையாக மாற்றினால் போதுமே என்று காட்டினார். குறைந்த பதவியைக் கேட்டு வாங்கினால் ஆட்டம் ஜெயம்! பெரிய ஆட்டக்காரர் இல்லை அவர். அந்த ஒரு நகர்வால் இன்றும் அவர் பெயர் நிற்கிறது. வேறு பதில் கிடையாதா என்று கேட்கத் தெரிந்தவர்.

சரி, பேத்தியின் புதிருக்கு வருவோம். அது ரிச்சர்ட் ரெட்டி 1921-ல் வெளியிட்டது. கருப்புச் சிப்பாயை நேராகத் துரத்தினால் வெள்ளை ராஜாவால் எட்ட முடியாது. தன் சிப்பாயைக் காக்கப் போனாலும் நேரம் போதாது. மூலைவாட்டில் ஜி7, எஃப்6, இ5 என்று நடந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டு பக்கமும் நெருங்குகிறது. செஸ் பலகையில் குறுக்கே போவதும் நேராகப் போவதும் ஒரே எண்ணிக்கைதான். கருப்பு ராஜா நம் சிப்பாயை வெட்டப் போனால், வெள்ளை ராஜா ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடுவார். கருப்பு தன் சிப்பாயையே ஓட்டினால், வெள்ளை ராஜா தன் சிப்பாயிடம் சேர்ந்துவிடுவார். இரண்டு பக்கமும் ராணி வந்து ஆட்டம் சமன். இரண்டில் ஒன்றைக் கருப்பால் தடுக்க முடியும். இரண்டையும் சேர்த்துத் தடுக்க முடியாது.

போன ஞாயிறு இதைப் பலகையில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஃபோர்க்! ராஜா ஒரே நேரத்துல ரெண்டு வேலையக் குத்தறாரு" என்றாள். ஃபூர்ஷெத் என்ற சொல்லை அறுபது வருடமாகச் சொல்லிவருகிறேன். ராஜா சும்மா நடப்பதற்குள் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அந்தச் சாப்பாட்டு இடைவேளை நிலையை வைத்தேன், கருப்புக் குதிரை சி6-ல் இருக்கும் நிலை. நான் இ5-ல் வெட்டிவிட்டு, ராணியை எடுப்பாயா என்று கேட்டேன். அவள் பலகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். குதிரையால் வெட்டினாள்.

"இதை யாரு தாத்தா கண்டுபிடிச்சது?"

என்னோடு வேலை பார்த்த ஒருவர் என்றேன். அவரைப் பற்றி முழுவதும் சொன்னேன், பலகையை மடித்ததையும் சேர்த்து. அவர் இருந்தபோதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது.

அந்தக் காலத்து இடைவேளை ஆட்டங்கள் நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். அடுத்த முறை முழங்கால் வலிக்குத் திரும்புவோம்.